வன்னியில் எங்கே தங்குவது? பழைய கல்வீடா, நகர லொட்ஜா, சொந்தக்காரர் வீடா?

வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், ஆவணியில் மடு மாதா திருவிழா, இடையில் ஒரு கலியாணவீடு, பிரித்தெழுதாமல் கிடக்கும் ஒரு காணி. வன்னிக்கு வரக் காரணம் எதுவானாலும் கேள்வி ஒன்றுதான்: "ஆறு பேர் வாறம், மூண்டு இரவு, எங்க நிக்கிறது?" முன்பு இதற்கு இரண்டே பதில். சொந்தக்காரர் வீடு, இல்லாவிட்டால் வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ ஒரு லொட்ஜ். இப்போது மூன்றாவதாகவும் ஒன்று உண்டு. பூட்டன் கட்டிய கல்வீட்டைத் திருத்தி, இரண்டு மூன்று அறைகளை வாடகைக்கு விட்டு, அதே வளவில் தாங்களும் குடியிருக்கிற குடும்பங்கள். படத்தைப் பார்த்தால் மனம் அங்கேதான் போகும். ஆட்களும் அங்கே போகலாமா என்பது வேறு கணக்கு.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

வாடகையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, முதலில் இருட்டைப் பாருங்கள். ஆறு மணியை ஒட்டிப் பொழுது சாய்ந்துவிடும், ஆடி மாதத்தில் பிந்தினாலும் ஆறரை. ஏ9 வீதியை விட்டு உள்ளே இறங்கினால் நெடுந்தூரத்துக்குத் தெருவிளக்கு இல்லை. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு போகும் வீதியின் காட்டுத் துண்டுகளில் யானை நிற்கும். குடிமனைப் பக்கம் வந்தால் தார்ச்சூட்டுக்கு வீதியிலேயே படுத்திருக்கும் மாடுகள். கறுத்த மாடு முன்விளக்கில் தெரியும்போது பிரேக்குக்கு நேரம் இருக்காது. ஆகவே ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஐந்து மணிக்கு எந்த இடத்தில் நிற்பீர்கள் என்று எழுதிப் பாருங்கள். அங்கிருந்து படுக்கைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடவேண்டி வந்தால், தங்குமிடம் எவ்வளவு நல்லதானாலும் அது பிழையான இடம்.

அடுத்தது, கூட வருபவர்களில் யார் பலவீனமானவர் என்பது. முழங்கால் வலியுள்ள அம்மம்மா, தவழும் குழந்தை, இழுப்பு (ஆஸ்துமா) உள்ள பிள்ளை: இவர்களுக்குப் பொருந்தாத இடம் மற்ற ஐந்து பேருக்கும் பொருந்தாது. பிறகு தண்ணீரும் கரண்டும், சாப்பாடு, வான் ஓடும் கிலோமீற்றரையும் சேர்த்த மொத்தச் செலவு. கடைசியாக, எந்த அட்டவணையிலும் வராத ஒன்று: நீங்கள் அங்கே தங்கினால் யார் கோவிப்பார்கள்.

## பழைய கல்வீடு

"பழைய" என்ற சொல்லை முதலில் தட்டிப் பாருங்கள். 2008–2009 இடப்பெயர்வில் ஓடும் வளையும் கதவும் நிலையும் போகாத வீடு வன்னியில் அரிது. இன்று வாடகைக்கு விடப்படும் பெரும்பாலானவற்றில் சுவர் பழசு, கூரை புதுசு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் கீழே படுப்பவருக்கு வித்தியாசம் தெரியும். ஓட்டுக்கூரை என்றால் சூட்டுக்காற்று ஓட்டின் இடுக்குகளால் மேலே போய்விடும். தகரமோ சீற்றோ போட்டு அடியில் சீலிங் அடித்திருந்தால் மத்தியானம் இரண்டு மணிக்கு அறை போறணைதான். இரண்டு படம் கேளுங்கள்: வளவுக்குள் நின்று கூரையை எடுத்தது ஒன்று, கட்டிலில் படுத்துக்கொண்டு மேலே எடுத்தது ஒன்று. முகப்புத் தூணையும் கோலத்தையும் காட்டும் படங்களால் பிரயோசனம் இல்லை.

"பண்டாரவன்னியன் காலத்து வீடு" என்ற பேச்சுக்கும் ஒரு வார்த்தை. வன்னியின் கடைசி மன்னன் பண்டாரவன்னியன் கற்சிலைமடுவில் வெள்ளைக்காரரிடம் தோற்ற ஆண்டு 1803. மங்களூரில் முதல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1860களில். தொழிற்சாலைப் பெயர் பொறித்த சீமை ஓடுதான் வீட்டின் ஆதிக்கூரை என்றால் கணக்குத் தானாகவே வெளிக்கும். நூறு வருடம் என்றாலே போதுமான வயது, கூட்டிச் சொல்லத் தேவையில்லை.

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய ஒன்றரை அடிச் சுவர் சூடாக ஒரு பகல் எடுக்கும், ஆற ஓர் இரவு எடுக்கும். முற்பகல் பதினொரு மணிக்கு உள்ளறை குளிர்ந்து கிடக்கும். இரவு ஒன்பது மணிக்கு அதே சுவரில் உள்ளங்கையை வைத்தால் இளஞ்சூடு தெரியும். கட்டியவர்கள் இதை அறிந்துதான் முற்றமும் எதிரெதிர் யன்னலும் வைத்தார்கள். இரவில் யன்னல் திறந்திருக்கும், காற்று சுவரை ஆற்றும். இன்று நுளம்புக்குப் பயந்து ஆறு மணிக்கே பூட்டிவிடுகிறோம், பிறகு வீட்டைக் குறை சொல்கிறோம். யன்னலுக்கு நுளம்பு நெற் அடித்த அறையா என்று கேளுங்கள். கட்டிலுக்கு மட்டும் வலை என்றால், தலைக்கு மேல் தொங்கும் ஃபான் இருக்கவேண்டும். நிலத்தில் நிற்கும் ஃபானின் காற்றில் பாதியை வலையே குடித்துவிடும்.

மாரியில், ஐப்பசி முதல் தை வரை, கதை வேறு. பழைய சுண்ணாம்புச் சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுவிடும். திருத்தும்போது அதன்மேல் சீமெந்து பூசியிருந்தால் ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும். பெயின்ற் கொப்பளிக்கும், அடிச்சுவரில் இரண்டு மூன்று அடி உயரத்துக்கு வெள்ளையாய் உவர் பூக்கும், தலையணை வரை பூஞ்சண மணம் வரும். இழுப்பு உள்ளவர்களைக் கார்த்திகை, மார்கழியில் அங்கே படுக்க வைக்காதீர்கள். மற்றவர்கள் கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டால் போதும். ஓட்டு வீட்டுக்குக் குரங்கு இன்னொரு வில்லன். கூரையில் பாயும்போது ஓடு நகரும், போன மாரிக்கு ஒழுகாத அறை இந்த மாரிக்கு ஒழுகும். "ஒழுகுமோ?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். "இந்த வருசம் ஓடு மாத்தினியளோ?" என்று கேளுங்கள்.

கக்கூஸ் விசயத்தை வெட்கப்படாமல் விசாரியுங்கள். இந்த வீடுகள் கட்டப்பட்ட காலத்தில் அது வீட்டுக்குள் இருந்ததே இல்லை. இப்போது ஒன்றில் பின்வளவில் தனியாக இருக்கும், அல்லது விறாந்தையின் ஒரு முனையை மறித்துக் கட்டியிருப்பார்கள். வளவில் இருப்பது காற்றோட்டமானது, மணக்காது. ஆனால் இரவில் ரோச்சும் செருப்பும் இல்லாமல் போகக்கூடாது, மழை விட்ட இரவுகளில் பாம்பு ஊரும். விறாந்தையில் மறித்தது கைக்கெட்டும் தூரம். ஆனால் தரை மட்டம் மாறி ஒரு படி இருக்கும், அந்தப் படியில்தான் வயதானவர்கள் விழுகிறார்கள். பழைய நிலைகள் உயரம் குறைந்தவை, வாசற்படி உயரம் கூடியவை. நெடிய ஆட்கள் நெற்றியில் வாங்குவார்கள், அம்மம்மா காலில் வாங்குவார். குழந்தை இருந்தால் கிணற்றுக் கட்டு எத்தனை அடி என்றும், மேலே வலை போட்டிருக்கிறதா என்றும் கேட்காமல் முற்பணம் அனுப்பாதீர்கள்.

தண்ணீரை இப்படிக் கணக்குப் பாருங்கள். வாளியில் குளித்தால் ஆளுக்கு 40 லீற்றர். ஆறு பேர் இரண்டு தரம் குளித்தால் 480 லீற்றர், கக்கூசுக்கு வேறு. 500 லீற்றர் தாங்கி பின்னேரத்துக்குள் வற்றிவிடும், 1000 லீற்றர் தாங்கி ஒரு நாளைக்குத் தாக்குப்பிடிக்கும். கரண்ட் போனால் மோட்டர் இல்லை. திறந்த கிணறும் கப்பியும் வாளியும் உள்ள வளவில் அது பெரிய விசயம் அல்ல. குழாய்க்கிணறு மட்டும் உள்ள வளவில் முகம் கழுவவும் தண்ணீர் இராது. குடிக்கக் கிணற்றுத் தண்ணீரை நம்பவேண்டாம். வன்னியின் பல பகுதிகளில் தண்ணீர் கடினம், கேத்திலின் அடியில் வெள்ளையாய்ப் படியும். கரையோரத்தில் சவர். வவுனியா மாவட்டத்தில் சிறுநீரக நோய்ப் பிரச்சினையும் இருப்பதால் ஊர்க்காரரே வடிகட்டிய தண்ணீரைத்தான் வாங்குகிறார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லீற்றர் என்றால் ஆறு பேருக்கு மூன்று நாளில் 54 லீற்றர், அதாவது 19 லீற்றர்க் கான் மூன்று. அது வாடகைக்குள் அடங்குமா, தனிக்காசா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

கரண்ட் 230 வோல்ற். பழைய வயரிங் உள்ள அறையில் உருண்டை முனைப் பிளக், புதிதாய் வைத்த இடத்தில் சதுர முனை. லண்டனிலிருந்து வருபவர்களுக்குச் சதுரம் பொருந்தும். கனடாவிலிருந்து தலைமுடி உலர்த்தியைக் கொண்டுவந்து கொழுவினால் அது எரிந்துபோகும், வீட்டுக்காரரின் ட்ரிப் சுவிச்சும் விழும்.

இவ்வளவு குறைக்கும் ஈடாகச் சாப்பாடு நிற்கும். விடிய அரிசிமாப் புட்டு, முருங்கையிலை வறை, சட்டித் தயிர். மத்தியானம் குளத்து விரால் குழம்பு, முல்லைத்தீவுப் பக்கம் என்றால் நந்திக்கடல் இறால். நகரத்தில் எந்தக் காசுக்கும் இது கிடைக்காது. ஆனால் அடுப்படியில் நிற்பது ஒரே ஒரு ஆள், அநேகமாக அந்த வீட்டு அம்மா. காலைச் சாப்பாட்டை முதல்நாள் இரவே சொல்லவேண்டும். மீன் வேண்டுமென்றால் விடிய ஏழு மணிக்குள், ஏனென்றால் நல்ல மீன் வாடியிலும் சந்தையிலும் அதற்குப் பிறகு நிற்காது. இரவு எட்டு மணிக்கு மேல் வந்து "ஏதாவது இருக்கோ" என்று கேட்பது நியாயமில்லை. செவ்வாயும் வெள்ளியும் பல வீடுகளில் மச்சம் ஏறாது, கோயில் திருவிழா நடந்தால் பத்து நாளும் மரக்கறிதான். குடிக்கு அநேகமாக இடமில்லை. இதை வந்தபிறகு தெரிந்துகொண்டு முகம் சுளிக்கும் மாமாமாரைப் பிடித்து அடக்குவது பெரிய வேலை.

குடும்பம் நடத்தும் வீட்டில் ஹொட்டேலில் இல்லாத இரண்டு அபாயங்கள் உண்டு. ஒன்று துடக்கு. வீட்டுக்காரரின் நெருங்கிய உறவில் ஒரு சாவு விழுந்தால் முப்பத்தொரு நாள். கோயிலுக்கு விரதம் பிடித்து வருபவர்கள் அங்கே தங்கமாட்டார்கள், வீட்டுக்காரரும் சமைத்துப் போடத் தயங்குவார். பொங்கலுக்கு மூன்று நாள் முன்னர் இது நடந்தால் அக்கம்பக்கத்தில் வேறு அறை கிடையாது. கோயில் காரியமாக வருபவர்கள் இரண்டாவது இடம் ஒன்றையும் பேசி வைத்திருக்கவேண்டும். மற்றது, உரித்தாளர் வெளிநாட்டில், திறப்பு ஊரில் ஒரு பெரியம்மாவிடம். அவர் கனடாவிலிருந்து உங்களுக்கு ஓம் என்பார், இவர் இங்கே வேறொருவருக்கு ஓம் என்றிருப்பார். இருவருடனும் பேசுங்கள், வருவதற்கு இரண்டு நாள் முன்னர் திறப்பு வைத்திருப்பவரை மறுபடி அழையுங்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிந்த வீடென்றால் முறையிட ஓர் இடமாவது இருக்கும்.

மறைவான செலவுகள்: வான் சாரதிக்குப் படுக்கையும் சாப்பாடும், கரண்ட் போனால் ஜெனரேற்றர் எண்ணெய், ஏசி இருந்தால் அதற்குத் தனிக்காசு. பணம் எடுக்கவும் மருந்து வாங்கவும் நகரத்துக்குப் போய்வரும் ஓட்டோக் கூலியை யாரும் முன்கூட்டி நினைப்பதில்லை.

மாசியும் பங்குனியும்தான் இந்த வீடுகளுக்கு உச்சக்காலம் என்பேன். மழை விட்டிருக்கும், குளம் நிறைந்திருக்கும், வெயில் இன்னும் முறுகியிராது. ஆனால் அதுவே காலபோக அறுவடைக் காலமும். முற்றத்தில் நெல் காயும், சுணை கடிக்கும், வீட்டு ஆட்கள் பாதிநாள் வயலில் நிற்பார்கள். நெல் மூட்டை அடுக்கிய வீட்டை யானையும் மணந்து வரும். இரவில் வெளியே சத்தம் கேட்டால் பார்க்கப் போகவேண்டாம்.

## நகர லொட்ஜ்

வவுனியா, கிளிநொச்சி இரண்டிலும் இதற்குக் குறைவில்லை. கொழும்பிலிருந்து இரவுப் பஸ்ஸில் வந்து விடியப்புறம் மூன்று, நான்கு மணிக்கு இறங்குபவருக்கு லொட்ஜ் கதவு திறக்கும், கிராமத்து வீட்டுப் படலை திறக்காது. கொமட், ஏசி, ஜெனரேற்றர், பக்கத்தில் ஆஸ்பத்திரி, ஏடிஎம். கொங்கிறீற் தட்டுக்குக் கீழே உள்ள மேல்மாடி அறை நடுச்சாமம் வரை சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும், ஆகவே ஏசி இல்லாமல் மேல்மாடி எடுக்காதீர்கள். வீதிப் பக்க அறையில் ஏ9 பஸ்களின் ஹோர்ன், மண்டபத்தோடு சேர்ந்த லொட்ஜில் கலியாண ஸ்பீக்கர்.

உண்மையான செலவு தூரத்தில் ஒளிந்திருக்கிறது. வவுனியாவிலிருந்து மாங்குளம் வழியாக முல்லைத்தீவு ஏறத்தாழ 95 கிலோமீற்றர். இரண்டு நாள் போய்வந்தால் 380. முல்லைத்தீவை அடுத்த தண்ணீரூற்றுப் பக்கம் ஒரு வீட்டில் தங்கினால் அதே இரண்டு நாள் ஓட்டம் 50ஐத் தாண்டாது. மிஞ்சும் 330 கிலோமீற்றரை வான்காரரின் கிலோமீற்றர்க் கூலியால் பெருக்கி, லொட்ஜில் மிச்சம் பிடித்ததாக நினைக்கும் காசோடு ஒப்பிடுங்கள். கிளிநொச்சியில் தங்கினால் பரந்தன் வழியாக முல்லைத்தீவு 60 கிலோமீற்றருக்குள் அடங்கும், அது நடுத்தரமான சமரசம். வேலை காணிக் கந்தோரிலோ கச்சேரியிலோ (மாவட்டச் செயலகம்) என்றால் அந்தந்த நகரத்து லொட்ஜே சரி. கந்தோர் வேலை ஒரு நாளில் முடியாது, மறுநாள் எட்டரைக்கு வரிசையில் நிற்கவேண்டி வரும்.

## சொந்தக்காரர் வீடு

வாடகை இல்லை என்பதால் செலவு இல்லை என்று நினைப்பவர் ஒருமுறை தங்கிப் பார்க்கட்டும். வெறுங்கையோடு போகமுடியாது. ஒரு வீட்டுக்குக் கொண்டுபோனதை மற்ற மூன்று வீட்டுக்கும் கொண்டுபோகவேண்டும். அவர்கள் ஃபான் உள்ள ஒரே அறையை உங்களுக்கு விட்டுவிட்டு விறாந்தையில் பாய் விரிப்பார்கள், வளர்த்த கோழி சட்டிக்குள் போகும், நாள்கூலிக்குப் போகும் ஆள் உங்களுக்காக மூன்று நாள் வீட்டில் நிற்பார். அந்தச் செலவு உங்கள் கையில் இல்லை, அவர்கள் கையில்.

செத்தவீடு என்றால் இதில் யோசிக்க ஒன்றுமில்லை, சொந்தக்காரர் வீட்டில்தான் நிற்கவேண்டும். இரண்டு பேர், ஓர் இரவு என்றாலும் அதுவே நல்லது. காணிப் பிரிப்புக்கு வந்து, அந்தக் காணியில் பங்குள்ள ஒருவர் வீட்டில் தங்குவது மட்டும் கூடாது. மற்றப் பங்காளிகள் அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். "எங்கட வீடிருக்க, காசு குடுத்தோ நிக்கிறியள்?" என்ற கேள்விக்குத் தயாராக இருங்கள். தலை அதிகம், வான்காரரும் கூட என்று சொல்லி, ஒரு மத்தியானச் சாப்பாட்டை அவர்கள் வீட்டில் வைத்துக்கொண்டால் கோபம் பெரும்பாலும் அடங்கும்.

## மடமும் யாத்திரிகர் விடுதியும்

மடுவில் ஆடி (யூலை) 2, ஆவணி (ஓகஸ்ட்) 15 திருவிழாக்களுக்கு வருபவர்களுக்கு இதற்கு ஈடில்லை. நாள் நெருங்கிக் கேட்டால் விடுதி கிடையாது, கூடாரம்தான். மற்றக் கோயில் மடங்களில் தனியறையை எதிர்பார்க்கவேண்டாம். பாய், பெற்சீற், பூட்டு, நுளம்புத்திரி சொந்தமாக. சின்னக் குழந்தைக்கும் நடக்கமாட்டாதவருக்கும் ஓர் இரவுக்கு மேல் தாங்காது.

## ஒரே பார்வையில்

| | பழைய கல்வீடு | நகர லொட்ஜ் | சொந்தக்காரர் வீடு |
|---|---|---|---|
| இருட்டுக்கு முன் சேர்வது | வேலை அயலில் என்றால் சுகம் | முல்லைத்தீவு வேலைக்குக் கடினம் | வீடு இருக்கும் இடத்தைப் பொறுத்தது |
| முழங்கால் வலி | படியும் கக்கூசும் பார்த்தே | கீழ்மாடி கேட்டால் நல்லது | அநேகமாகக் குந்துற கக்கூஸ் |
| தண்ணீர், கரண்ட் | தாங்கி அளவு, கிணறு கேட்கவேண்டும் | கவலை குறைவு | அவர்களுக்கு உள்ளதே உங்களுக்கும் |
| சாப்பாடு | மிக நல்லது, நேரத்தோடு சொன்னால் | கொத்து, பிறைட் றைஸ் | நல்லது, அளவுக்கு மிஞ்சி |
| மறைவான செலவு | சாரதி, ஜெனரேற்றர், ஓட்டோ | வான் கிலோமீற்றர் | அன்பளிப்பு, அவர்களின் நாள்கூலி |
| திடீர்ச் சிக்கல் | துடக்கு, இரட்டைப் பதிவு | இரைச்சல் | மனத்தாங்கல் |

மூன்று இரவுக்கு வருபவர்கள் ஒன்றையே பிடித்துக்கொள்ளத் தேவையில்லை. முதல் இரவு வவுனியாவில் லொட்ஜ். விடிய எழும்பி, காசு எடுத்து, மருந்தும் தண்ணீர்க் கானும் வாங்கி, பகல் வெளிச்சத்தில் உள்ளே போய் மற்ற இரண்டு இரவும் கல்வீடு. இறங்கிய களைப்போடு இருட்டில் படலை தேடும் வேலை இதில் இல்லை. ஒரே இரவுக்குக் கல்வீடு எடுப்பதை நான் ஆதரிக்கமாட்டேன். வீட்டையும் மனிதரையும் பழக ஒரு பகல் வேண்டும், அதற்குள் பெட்டி கட்டவேண்டி வரும்.

## ரெலிபோனில் கேட்கவேண்டியது

குறுஞ்செய்தியில் கேட்டால் "எல்லா வசதியும் உண்டு" என்றுதான் வரும். அழைத்துப் பேசுங்கள், வீட்டு அம்மாவோடு பேசக் கிடைத்தால் இன்னும் நல்லது.

"அக்கா, கக்கூஸ் அறையோடயோ வெளியிலயோ? கொமட்டோ, குந்துறதோ? போற வழியில படி எத்தினை?"

"கரண்ட் நிண்டா கிணத்தில அள்ளலாமோ? தாங்கி எத்தினை லீற்றர்?"

"யன்னலுக்கு நெற் அடிச்சிருக்கோ?"

"வான் தம்பி எங்க படுக்கிறது? அவருக்குச் சாப்பாடு எவ்வளவு?"

"அந்தக் கிழமை உங்கட கோயில்ல திருவிழாவோ? வீட்டில கலியாணம், சாமத்தியவீடு ஏதும் இருக்கோ?"

"பிரதான வீதியால திரும்பி எத்தினை கட்டை உள்ளுக்கு? தார் றோட்டோ, கிரவலோ? மழைக்கு வான் வருமோ?"

கடைசிக் கேள்விக்கு "முந்தநாள் ட்ரக்டர் வந்தது" என்று பதில் வந்தால், மாரி முடியும்வரை வேறு இடம் பாருங்கள்.